பாரத்தில் தொடங்கும் அளவு: பழைய பிக்கப்பின் பின் டயர்

அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1967 முதல் 1972 வரையிலான மாதிரி ஆண்டுகளில் வெளியிட்ட செவர்லே சி10 பிக்கப், உற்பத்தி நின்று அரை நூற்றாண்டு கடந்துவிட்ட பிறகும், அந்நாட்டில் மிகுந்த விருப்பத்தோடு புதுப்பிக்கப்படும் பழைய வண்டிகளுள் ஒன்றாக விளங்குகிறது. பண்ணையிலும் பட்டறையிலும் சரக்குச் சுமப்பதற்கென்று வடிவமைக்கப்பட்ட இவ்வண்டியை இன்று வாங்கிச் செப்பனிடுவோர், எஞ்சினையும் பெயின்டையும் முடித்துவிட்டுச் சக்கரங்களுக்கு வரும்போது, பின்பக்கத்துக்கு எந்த அளவு டயர் போடுவது என்ற கேள்வியில் பெரும்பாலும் தடுமாறுகின்றனர். அக்கேள்வி 'மட்கார்டுக்குள் எவ்வளவு அகலம் நுழையும்' என்ற வடிவிலேயே பெரும்பாலும் எழுப்பப்படுகிறது. ஆனால் அது தொடங்க வேண்டிய இடம் அகலமன்று. பின் டயர் தாங்க வேண்டிய பாரமும் அதைச் சுழற்றும் கியர் விகிதமும் சேர்ந்து டயரின் உயரத்தை முடிவு செய்த பின்னரே, எஞ்சியிருக்கும் இடத்தின் கணக்காக அகலம் வரவேண்டும். தோற்றத்துக்கு அதன் பிறகும் போதிய இடம் மீதமிருக்கும்.

டயரின் பக்கச்சுவரில் அச்சிடப்பட்டிருக்கும் எண்களைப் படிக்கத் தெரியாமல் இந்தக் கணக்கில் இறங்க இயலாது. 275/60ஆர்15 என்ற குறியீட்டில், முதல் எண் டயரின் இரு பக்கச்சுவர்களுக்கு இடையிலான மிகப்பெரிய அகலத்தை மில்லிமீட்டரில் சொல்கிறது. இரண்டாவது எண் பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை விழுக்காடு என்பதைக் குறிக்கிறது. ஆர் என்ற எழுத்து ரேடியல் கட்டுமானத்தையும், இறுதி எண் டயர் பொருந்தும் ரிம்மின் விட்டத்தை அங்குலத்திலும் தெரிவிக்கின்றன. தமிழ்நாட்டுச் சாலைகளில் ஓடும் பொலிரோவின் டயரில் காணப்படும் 215/75ஆர்15 என்பதும் இதே முறையில் அமைந்ததே. எனவே 275 மில்லிமீட்டரில் 60 விழுக்காடான 165 மில்லிமீட்டரை இருமடங்காக்கி, 15 அங்குல ரிம்முக்குரிய 381 மில்லிமீட்டரோடு கூட்டினால், டயரின் மொத்த உயரம் 711 மில்லிமீட்டர், அதாவது 28 அங்குலம் என்பது கிடைக்கிறது. இதே வழியில் 255/70ஆர்15 டயரின் உயரம் 738 மில்லிமீட்டராகவும், 295/50ஆர்15 டயரின் உயரம் 676 மில்லிமீட்டராகவும் வரும். அகலம் கூடக்கூட உயரமும் கூடும் என்று கருதுவது எவ்வளவு தவறு என்பதை இந்த மூன்று எண்களே காட்டிவிடுகின்றன. இவற்றுள் மிக அகலமான டயர்தான் மிகக் குட்டையானது.

சி10 தொழிற்சாலையை விட்டு வெளிவந்த காலத்தில் இந்தக் குறியீட்டு முறை அமெரிக்காவில் வழக்கத்தில் இல்லை. 7.75-15 போன்ற அங்குல எண்களால் அளவைச் சொல்லும் பழைய முறையும், 1960களின் இறுதியில் வந்த ஜி78-15 போன்ற எழுத்து முறையும் அப்போது அடுத்தடுத்து நிலவின. எழுத்து முறையில் முதலெழுத்து டயரின் பாரம் தாங்கும் திறனையும், 78 என்பது பக்கச்சுவர் உயரத்தின் விழுக்காட்டையும் குறித்தன. இன்றைய அளவுகளில் ஜி78-15க்கு ஏறத்தாழ நிகராக 215/75ஆர்15 டயரையும், அதைவிடப் பெரிய எல்78-15க்கு நிகராக 235/75ஆர்15 டயரையும் கொள்வது வழக்கம். ஆகவே வண்டியின் வடிவமைப்பாளர்கள் மனத்தில் கொண்டிருந்த டயரின் உயரம் சுமார் 28 அங்குலத்திலிருந்து 29 அங்குலம் வரையிலானது என்று கொள்ளலாம். ஸ்பீடோமீட்டரும் கியர் விகிதமும் மட்கார்டின் வளைவும் இந்த உயரத்தைச் சுற்றியே அமைக்கப்பட்டன என்பதால், புதிய அளவைத் தேடுவோர் இந்த ஓரங்குல எல்லைக்குள் நின்றுகொண்டால் பிற்பாடு தலைதூக்கும் சிக்கல்களில் பெரும்பகுதி முளையிலேயே தீர்ந்துவிடும்.

அக்காலத்து டயர்களின் உட்கட்டுமானமும் வேறானது. பயஸ் எனப்படும் பழைய டயரில் நூலிழை அடுக்குகள் ஒன்றையொன்று சாய்வாகக் குறுக்கிட்டுச் செல்லும்; ரேடியலில் இழைகள் டயரின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேர்குறுக்காகச் செல்ல, அவற்றின்மேல் பெல்ட் எனப்படும் உறுதியான பட்டைகள் சுற்றிவர அமைந்திருக்கும். பிரான்ஸின் மிஷலின் நிறுவனம் 1946இல் காப்புரிமை கோரி 1949இல் சந்தைக்குக் கொண்டுவந்த ரேடியல், அமெரிக்க வண்டிகளில் பரவலாக இடம்பிடித்தது 1970களில்தான். பயஸ் டயரின் பக்கச்சுவரும் தரையைத் தொடும் பகுதியும் ஒரே துணிபோல ஒன்றாக நெளிவதால், வளைவில் தரைத்தொடர்பு குலைகிறது. ரேடியலில் பக்கச்சுவர் தனியே வளைந்துகொடுக்க, தரைப்பகுதி தட்டையாகவே நிற்கிறது. காலத்துக்கு உரிய தோற்றம் வேண்டுமென்று முன்பக்கத்தில் பயஸும் பின்பக்கத்தில் ரேடியலுமாகக் கலந்து போடும் வழக்கம் சிலரிடம் உண்டு. தவிர்க்கவே முடியாத நிலையில் ரேடியல் பின்பக்கம்தான் இருக்க வேண்டும் என்பது பழைய விதியேயாயினும், சாலையில் உண்மையாக ஓடும் வண்டிக்கு நான்கும் ரேடியலாக இருப்பதே தகும்.

இனிப் பாரத்துக்கு வரலாம். இப்பொருளில் மிக அலட்சியமாகக் கையாளப்படும் பகுதி இதுவே. டயரின் அளவுக்குறியீட்டை அடுத்து 108எஸ், 107எஸ் என்பது போன்ற எண்ணும் எழுத்தும் இருக்கும். எண் பாரக் குறியீட்டெண் எனப்படும். எழுத்து அந்த டயர் தாங்கும் உச்ச வேகத்தைச் சுட்டும், எஸ் என்பது மணிக்கு 180 கிலோமீட்டர். பாரக் குறியீட்டெண் 108 என்றால் உரிய காற்றழுத்தத்தில் ஒரு டயர் 1000 கிலோ தாங்கும். 107 என்றால் 975 கிலோ. 105 என்றால் 925 கிலோ. பரவலாக விற்கப்படும் எழுத்துப் பொறித்த பழைய பாணி டயர்களில் 255/70ஆர்15 பெரும்பாலும் 108ஆகவும், 275/60ஆர்15 பெரும்பாலும் 107ஆகவும், 295/50ஆர்15 பெரும்பாலும் 105ஆகவும் வருகின்றன. அகலத்தில் 40 மில்லிமீட்டர் கூடிய டயர், தாங்கும் பாரத்தில் 75 கிலோ குறைந்திருப்பதன் காரணம் எளிது. பாரத்தை உண்மையில் தாங்குவது ரப்பரன்று, டயருக்குள் அடைபட்டிருக்கும் காற்று. பக்கச்சுவர் குட்டையாகும்போது அக்காற்றின் கொள்ளளவும் சுருங்குகிறது.

இந்த எண்களையும் அப்படியே எடுத்துக்கொள்ள இயலாது. மேலே கூறப்பட்டவை பி-மெட்ரிக் எனப்படும் பயணிகார் வகை டயர்கள். அவற்றைப் பிக்கப் போன்ற சரக்கு வண்டியில் பொருத்தும்போது பாரத்திறனை 1.10ஆல் வகுத்துக்கொள்ள வேண்டும் என்பது அமெரிக்காவின் பாதுகாப்பு விதி. காரில் பாரம் பெரும்பாலும் சீராக இருக்க, பிக்கப்பில் அது ஒரு பக்கமாகவும் அளவு மீறியும் ஏறக்கூடும் என்பதால் வைக்கப்பட்ட முன்னெச்சரிக்கை அது. அவ்வாறு வகுத்தால் 255/70ஆர்15 டயருக்கு 909 கிலோவும், 275/60ஆர்15 டயருக்கு 886 கிலோவும், 295/50ஆர்15 டயருக்கு 841 கிலோவும் எஞ்சுகின்றன. பின் அச்சில் இரண்டு டயர்களுக்குமாக முறையே 1818, 1772, 1682 கிலோ. வெறும் சரக்குப் பெட்டியோடு உலாவும் சி10க்கு இவை அனைத்தும் போதுமானவையே. ஆனால் பெட்டி நிறைய ஈரமணலையோ, பின்னால் இழுவண்டியில் மற்றொரு காரையோ ஏற்றும் உரிமையாளர், கதவுத்தூணிலுள்ள தகட்டில் கண்ட மொத்த எடை வரம்பைப் படித்து, வண்டியை எடைமேடையில் ஏற்றிப் பின் அச்சின் உண்மைப் பாரத்தை அறிந்துகொண்ட பின்னரே டயர்க் கடைக்குச் செல்ல வேண்டும். எடைமேடைக்குச் செலவிடும் அரை மணி நேரத்தைவிட இந்த முழு வேலையிலும் பயன்மிக்க அரை மணி நேரம் வேறில்லை. பாரம் வரம்பை நெருங்குவதாக இருந்தால், இலகுரகச் சரக்கு வண்டிக்கென்றே செய்யப்படும் எல்டி வகை டயர்களுள் தேடுவதே முறை; 31×10.50ஆர்15எல்டி என்னும் டயர் 1030 கிலோவரை எவ்விதக் கழிவும் இன்றித் தாங்கும். ஆயினும் அதன் உயரம் வேறொரு சிக்கலைக் கொண்டுவருகிறது.

அச்சிக்கல் கியர் விகிதத்தைப் பற்றியது. எஞ்சினிலிருந்து வரும் தண்டின் சுழற்சியைப் பின் சக்கரங்களுக்குத் திருப்பிவிடும் டிஃபரன்ஷியலுக்குள், சிறிய பினியன் பல்சக்கரம் பெரிய கிரவுன் பல்சக்கரத்தைச் சுழற்றுகிறது. பினியன் எத்தனை முறை சுற்றினால் சக்கரம் ஒரு முறை சுற்றும் என்பதே அச்சு விகிதம். சி10இல் 3.07, 3.73, 4.11 ஆகிய விகிதங்கள் காணப்படுகின்றன. அக்காலத்து மூன்று கியர் தானியங்கிப் பெட்டியில் உச்ச கியர் நேரடியானது, அதாவது எஞ்சினும் பின்செல்லும் தண்டும் ஒரே வேகத்தில் சுழலும். எஞ்சின் வேகத்தைக் குறைத்துத் தரும் ஓவர்டிரைவ் அதில் கிடையாது. ஆகவே நெடுஞ்சாலையில் எஞ்சின் எத்தனை சுற்று சுற்றும் என்பதை அச்சு விகிதமும் டயரின் உயரமும் மட்டுமே நிர்ணயிக்கின்றன. 3.73 விகிதமுள்ள வண்டி மணிக்கு 65 மைல், அதாவது சுமார் 105 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது, 255/70ஆர்15 டயரோடு எஞ்சின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2800 சுற்றும், 275/60ஆர்15 டயரோடு 2910 சுற்றும், 295/50ஆர்15 டயரோடு 3060 சுற்றும் சுற்றும். வரவேற்பறையில் அமர்ந்திருப்போருக்கு இந்த 260 சுற்று வேறுபாடு பெரிதாகத் தோன்றாது. மூன்று மணி நேரம் தொடர்ந்து ஓட்டுபவரின் காதுக்கும் பெட்ரோல் செலவுக்கும் அது நன்றாகத் தெரியும்.

மறுபுறம், உயரத்தைக் கூட்டிக்கொண்டே போவதும் தீர்வாகாது. 31 அங்குல டயர், 28 அங்குல டயருக்கு அமைந்த 3.73 விகிதத்தை நடைமுறையில் 3.37 போல ஆக்கிவிடுகிறது. வலிமையான வி8 எஞ்சின் உள்ள வண்டி அதைப் பொறுத்துக்கொள்ளும். 250 கனஅங்குல ஆறு சிலிண்டர் எஞ்சினும் 3.07 விகிதமும் சேர்ந்து வந்த வண்டியில் அதே டயரைப் போட்டால், சரக்கோடு மேட்டில் புறப்படும்போது வண்டி திணறும். பிரேக்கும் இதில் பாதிக்கப்படுகிறது. சக்கரத்தின் ஆரம் கூடும்போது, அதே டிரம் பிரேக் அதே விசையோடு பிடித்தாலும் தரையில் கிடைக்கும் நிறுத்தும் விசை குறைகிறது. 1971 மாதிரியிலிருந்துதான் சி10இன் முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் வழக்கமான பொருத்தமாக வந்தது. நான்கு பக்கமும் டிரம் உள்ள 1967 முதல் 1970 வரையிலான வண்டிகளில் உயரமான டயரைப் பொருத்த நினைப்போர் இதை முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஸ்பீடோமீட்டர் காட்டும் தவறும் உயரத்தோடு ஒட்டியதே. அக்கருவி கியர்ப்பெட்டியின் பின்முனையிலிருந்து கேபிள் வழியே சுழற்றப்படுகிறது. சக்கரத்தின் உண்மைச் சுற்றளவு அதற்குத் தெரியாது. 29 அங்குல டயருக்குச் சரியாக இருந்த கருவி, 295/50ஆர்15 டயர் போட்டபின் 60 மைல் என்று காட்டும்போது வண்டி உண்மையில் ஏறத்தாழ 55 மைல் வேகத்தில்தான் செல்லும். 31 அங்குல டயரில் அதே முள் 60ஐக் காட்டும்போது உண்மை வேகம் 64ஐத் தாண்டியிருக்கும். பிந்தைய தவறு ஆபத்தானது. கேபிளின் அடியிலுள்ள சிறு பிளாஸ்டிக் பல்சக்கரத்தை வேறு பல் எண்ணிக்கை கொண்டதாக மாற்றினால் இக்குறை பெரும்பாலும் நேராகிவிடும் என்பதால், டயருக்கான செலவோடு அந்தச் சிறு உறுப்பின் விலையையும் சேர்த்தே கணக்கிடுவது நலம்.

உயரம் முடிவான பிறகே அகலம் பொருள் பெறுகிறது. அகலத்தைக் கட்டுப்படுத்துபவை இரண்டு: டயர் ஏறும் ரிம்மின் அகலம், அந்த ரிம் சக்கரக்குடத்தில் எங்கே அமர்கிறது என்பது. சி10இன் தொழிற்சாலை ரிம்கள் ஏறத்தாழ 6 அங்குல அகலமே கொண்டவை. அவற்றில் 275 டயரை ஏற்றினால் பக்கச்சுவர்கள் உள்நோக்கி இழுபட்டு, தரையைத் தொடும் பகுதி நடுவில் மேடாகி, வளைவில் வண்டி தளும்பும். 275/60ஆர்15க்கு 8 அங்குல ரிம் பொருத்தமானது. 255/70ஆர்15 டயரோ 7 அங்குல ரிம்மிலும் 8 அங்குல ரிம்மிலும் நன்றாக உட்காரும். ரிம் அரை அங்குலம் அகலும்போது டயரின் பக்க அகலமும் சுமார் 5 மில்லிமீட்டர் கூடுகிறது என்பதால், அட்டவணையில் கண்ட அகலத்தையே நம்பி இடத்தை அளந்துவிடக் கூடாது.

ரிம் அமரும் இடத்தைச் சொல்வதற்கு அமெரிக்கப் பட்டறைகளில் பேக்ஸ்பேசிங் என்ற அளவு வழங்குகிறது. ரிம்மின் உட்புற விளிம்பிலிருந்து, அது சக்கரக்குடத்தோடு ஒட்டும் முகம் வரையுள்ள தூரமே அது. இந்த அளவு கூடினால் சக்கரம் உள்ளே செல்லும், குறைந்தால் வெளியே வரும். விளிம்புகளின் தடிப்பையும் சேர்த்து 8 அங்குல ரிம்மின் மொத்த அகலம் ஏறக்குறைய 9 அங்குலமாகும். அதன் நடுக்கோடு நான்கரை அங்குலத்தில் நிற்க, 4 அங்குல பேக்ஸ்பேசிங் உள்ள ரிம்மில் ஒட்டும் முகம் நடுக்கோட்டுக்கு அரை அங்குலம் உட்புறமாக அமைகிறது. இதில் 275 டயரை ஏற்றினால், ஒட்டும் முகத்திலிருந்து உட்புறமாக 125 மில்லிமீட்டரும் வெளிப்புறமாக 150 மில்லிமீட்டரும் டயர் நீளும். 255 டயராக இருந்தால் முறையே 115, 140 மில்லிமீட்டர். டிரம்மின் முகத்திலிருந்து உட்புறம் சேஸிஸ் சட்டம்வரையும், வெளிப்புறம் மட்கார்டின் மடிந்த விளிம்புவரையும் உள்ள தூரத்தை உரிமையாளர் தம் கையாலேயே அளந்து, இந்த எண்களோடு ஒப்பிட்டு, இருபுறமும் ஓர் அங்குல இடைவெளியாவது மிஞ்சுமாறு தேர்ந்தெடுக்கலாம். பிறர் வண்டியில் பொருந்தியது என்ற செய்தி இங்கே உதவாது. ஐம்பது ஆண்டுகளில் பெட்டி நகர்த்தி மாட்டப்பட்டிருக்கலாம், பின் அச்சே வேறொன்றாக மாற்றப்பட்டிருக்கலாம். வெளிப்புறம் சமமான தகடாக முடியும் ஃபிளீட்சைட் பெட்டியில் சக்கரம் பெட்டியின் பக்கத் தகடுகளுக்குள் ஒடுங்கியிருக்க, ஸ்டெப்சைட் பெட்டியில் மட்கார்டு பெட்டிக்கு வெளியே தனியாகப் புடைத்து நிற்கும். ஆகவே ஒரு பெட்டிக்குச் சரியான ரிம் மற்றதற்கும் சரியாக இருக்கும் என்ற உறுதி இல்லை.

ரிம் வாங்கும்போது கவனிக்க வேண்டிய ஒரு வேறுபாடு வண்டியின் ஆண்டைச் சார்ந்தது. 1970 வரையிலான சி10இல் சக்கரக்குடத்துக்கு ஆறு போல்ட்டுகள், ஐந்தரை அங்குல வட்டத்தில் அமைந்திருந்தன. 1971 முதல் அது 5 அங்குல வட்டத்தில் ஐந்து போல்ட்டுகளாக மாறியது.

வண்டி நிற்கும்போது அளந்த இடைவெளி, ஓடும்போதும் அப்படியே இருக்கும் என்று கொள்வது சி10இல் குறிப்பாகத் தவறானது. பெரும்பாலான சரக்கு வண்டிகள் பின்பக்கத்தில் பட்டை ஸ்பிரிங்கை நம்பியிருந்த காலத்தில், செவர்லே சி10 பின்பக்கத்திலும் காயில் ஸ்பிரிங்கை வழக்கமாகக் கொண்டிருந்தது. முன்னோக்கி நீளும் இரண்டு நீண்ட கரங்கள் அச்சைத் தாங்க, பேன்ஹார்ட் தண்டு எனப்படும் குறுக்குத் தண்டு அச்சு பக்கவாட்டில் நகராமல் பிடித்துக்கொள்ளும். இந்த நீண்ட கர அமைப்பின் சிறப்பை உணர்ந்தே நாஸ்கார் பந்தயக் கார்கள் பிற்காலத்தில் இதைப் பின்பற்றின. சரக்கு வண்டிக்கென்று பிறந்த ஓர் அமைப்பு பந்தயப் பாதையில் பல பத்தாண்டுகள் நிலைத்தது வடிவமைப்பாளர்களுக்குப் பெருமை சேர்ப்பது. ஆயினும் பேன்ஹார்ட் தண்டின் ஒரு முனை சேஸிஸிலும் மறுமுனை அச்சிலும் பிணைக்கப்பட்டிருப்பதால், அச்சு மேலும் கீழும் செல்லும்போது அச்சிலுள்ள முனை நேர்க்கோட்டில் செல்லாமல் வில்போல வளைந்து செல்கிறது, அதனால் அச்சு முழுவதும் சற்றே ஒரு பக்கமாக நகர்கிறது. தொழிற்சாலை உயரத்தில் இந்நகர்வு பொருட்படுத்தத்தக்கதன்று. ஆனால் பின்பக்கத்தை நான்கு, ஆறு அங்குலம் தாழ்த்துவது இவ்வண்டிகளில் மிகப் பரவலான வழக்கம். அவ்வாறு தாழ்த்தியபின் பழைய தண்டையே வைத்திருந்தால், ஒரு பக்க டயர் மட்கார்டை நெருங்கியும் மறுபக்க டயர் உள்ளே ஒதுங்கியும் நிற்கும். அப்போது நீளத்தைச் சரிசெய்யக்கூடிய தண்டை மாட்டி அச்சை நடுவில் நிறுத்திய பின்னரே டயருக்கு அளவெடுக்க வேண்டும். அந்த வேலைக்கு முன் எடுத்த எந்த அளவும் பயனற்றது. ஸ்பிரிங்குகளைக் கழற்றிவிட்டு, அச்சை ஜாக்கியால் அதன் ரப்பர் தடுப்பில் முட்டும்வரை உயர்த்தி, இரு பக்கமும் தனித்தனியே அளந்து பார்க்கும் உரிமையாளருக்குப் பின்னாளில் மட்கார்டு விளிம்பு டயரை அறுக்கும் ஓசை கேட்க நேராது.

அகலமான டயர் தரையைக் கூடுதலாகப் பற்றிக்கொள்ளும் என்ற நம்பிக்கையும் பிக்கப்பின் பின்பக்கத்தில் பாதியே உண்மை. பெட்டி காலியாக இருக்கும்போது பின் அச்சின்மேல் எடை குறைவு; அக்குறைந்த எடை அகலமான பரப்பில் பரவும்போது, மழைநீர் படர்ந்த சாலையில் டயருக்கு அடியிலிருந்து நீரை விலக்குவது கடினமாகி, டயர் நீரின்மேல் மிதக்கத் தொடங்குகிறது. 1960களில் அமெரிக்க விண்வெளி அமைப்பான நாசாவின் லாங்லி ஆய்வு மையத்தில் வால்டர் ஹார்ன் விமான டயர்களை ஆராய்ந்து, இந்த மிதப்பு தொடங்கும் வேகம் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்று காட்டினார். சதுர அங்குலத்துக்கு 35 பவுண்டு அழுத்தத்தில் அவ்வேகம் மணிக்கு சுமார் 98 கிலோமீட்டர் என்றும், 26 பவுண்டில் சுமார் 85 கிலோமீட்டர் என்றும் அவருடைய சூத்திரம் தருகிறது. பட்டன் எனப்படும் மேற்பரப்புப் புடைப்புகள் நன்றாக இருக்கும் சாலை டயருக்கு இவை துல்லியமான எல்லைகள் அல்ல, தேய்ந்த டயருக்கும் ஆழமான நீருக்கும் உரிய தோராயங்களே. எனினும் அவை காட்டும் திசை தெளிவானது. காலிப் பெட்டியில் வண்டி குதிக்கிறது என்பதற்காகப் பின் டயரின் காற்றைத் தாராளமாக இறக்கிவிடுவோர், மழையில் தமக்குள்ள பாதுகாப்பையும் சேர்த்தே இறக்கிவிடுகின்றனர். 295 அகல டயரில் இந்த முரண்பாடு மிகக் கூர்மையாகிறது: குறைந்த எடைக்கு ஏற்பக் காற்றைக் குறைத்தால் ஈரத்தில் மிதக்கும், கூட்டினால் நடுப்பகுதி மட்டும் தேயும். தரையில் முழுப்பரப்பும் படிகிறதா என்று அறிய, டயரின் குறுக்கே சாக்பீஸால் கோடு கிழித்து, நேரான சாலையில் சிறிது தூரம் ஓட்டி, கோடு எங்கே அழிந்தது என்று பார்ப்பது பட்டறைகளில் நெடுங்காலமாக உள்ள எளிய முறை.

இந்நிலையில் 255/70ஆர்15 டயரே பெரும்பாலான சி10களுக்குத் தகுந்த பின் டயர் என்று துணிந்து சொல்லலாம். தொழிற்சாலை உயரத்தை ஒட்டிய உயரம், ஒப்பிட்ட மூன்றனுள் மிகுந்த பாரத்திறன், நெடுஞ்சாலையில் அமைதியான எஞ்சின், பள்ளங்களை வாங்கிக்கொள்ளும் உயர்ந்த பக்கச்சுவர் ஆகிய நான்கும் அதில் ஒருங்கே கிடைக்கின்றன. அதே அளவை முன்பக்கத்திலும் போட முடிந்தால், நான்கு டயர்களையும் இடம் மாற்றி மாற்றிச் சீராகத் தேய்க்கவும் இயலும். சரக்கு ஏற்றாமல் உலாவுவதற்கே வண்டியை வைத்திருப்பவர், பின்பக்கம் சற்றே நிரம்பித் தெரிய வேண்டுமென விரும்பினால், 8 அங்குல ரிம்மில் 275/60ஆர்15 டயரை முன்பக்கத்து 255/60ஆர்15 டயரோடு இணைப்பது நல்ல பொருத்தம். முன் டயர் 687 மில்லிமீட்டரும் பின் டயர் 711 மில்லிமீட்டருமாக அமைய, ஹாட்ராட் எனப்படும் மாற்றியமைத்த பழைய கார்களின் மரபில் வந்த அந்த முன்தாழ்ந்த சாய்வு இயல்பாகவே கிடைத்துவிடும். 295/50ஆர்15 இழுபந்தயப் பாதைக்கும் கண்காட்சிக்கும் உரியது. 20 அங்குல ரிம்களில் மெல்லிய பக்கச்சுவர் டயர்களை ஏற்றும் அண்மைக்காலப் போக்கு, உயரத்தைச் சரியாக வைத்துக்கொள்ள இடம் தருகிறதென்றாலும், ரிம்மின் கூடுதல் எடையை அந்தப் பழைய ஸ்பிரிங்குகளும் ஷாக் அப்சார்பர்களும் சுமக்க வேண்டியிருப்பதால், சஸ்பென்ஷனை முழுவதும் புதுப்பித்த வண்டிகளுக்கே ஏற்றது.

அளவு முடிவானபின் டயரின் வயதைப் பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது. பக்கச்சுவரில் டிஓடி என்ற எழுத்துகளோடு தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு எண்கள், அது தயாரான வாரத்தையும் ஆண்டையும் குறிக்கின்றன. 1423 என்றால் 2023ஆம் ஆண்டின் 14ஆவது வாரம். நான்குக்குப் பதிலாக மூன்று எண்களே இருந்தால் அது 2000க்கு முற்பட்ட டயர். அகலமான 15 அங்குல டயர்கள் இப்போது குறைவாகவே தயாரிக்கப்படுவதால், கடைகளில் நெடுங்காலம் தங்கிப்போன சரக்கு புதியதாக விற்கப்பட வாய்ப்புண்டு. கார் நிறுவனங்கள் பலவும் ஆறு ஆண்டுகளில் டயரை மாற்றச் சொல்கின்றன. டயர் நிறுவனங்கள் பத்து ஆண்டுகளை இறுதி எல்லையாக வைக்கின்றன. ஆண்டுக்குச் சில நூறு மைல்களே ஓடும் பழைய பிக்கப்பில் பட்டன் புதிதுபோல இருக்கும்போதே உள்ளே ரப்பர் இறுகி வெடித்திருக்கும் என்பதால், தேய்மானத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்கும் பழக்கம் இவ்வண்டிகளுக்கு ஒவ்வாது. இரண்டு டயர்களை மட்டுமே புதிதாக வாங்கும் நிலை வந்தால், அவை பின்பக்கத்துக்கே செல்ல வேண்டும். ஈரச்சாலையில் முன்பக்கம் வழுக்கினால் ஓட்டுநர் வேகத்தைக் குறைத்து வண்டியை மீட்க முடியும், காலிப் பெட்டியோடு பின்பக்கம் வழுக்கினால் வண்டி சுழன்றுவிடும்.

கடைசியாக ஸ்டெப்னி. முன்னும் பின்னும் வேறு அளவு போட்ட வண்டியில் ஸ்டெப்னியாக எதை வைப்பது என்பதற்கு, டிஃபரன்ஷியலே விடை தருகிறது. சில சி10களில் பாசிட்ராக்ஷன் எனப்படும் வகை உண்டு. ஒரு சக்கரம் வழுக்கும்போது மற்றதற்கும் விசை செல்லும்படி அதற்குள் கிளட்ச் தகடுகள் அமைந்திருக்கும். இரண்டு பின் டயர்களும் வெவ்வேறு உயரமாக இருந்தால், நேர்ச்சாலையிலும் ஒன்று மற்றதைவிட வேகமாகச் சுற்ற வேண்டியிருப்பதால், அத்தகடுகள் ஓயாமல் உரசிச் சூடேறித் தேய்ந்துவிடும். எனவே அத்தகைய வண்டியில் பின்பக்க உயரமுள்ள டயரையே ஸ்டெப்னியாக வைக்க வேண்டும். முன் டயர் பஞ்சராகும்போது அதைத் தற்காலிகமாக முன்பக்கம் மாட்டி மெதுவாகப் பட்டறைவரை ஓட்டிச் செல்லலாம், ஆனால் ரிம் வாங்கும் நாளிலேயே அது முன்பக்க பிரேக்கிலும் ஸ்டீயரிங் தண்டுகளிலும் உரசாமல் சுற்றுகிறதா என்று ஒருமுறை மாட்டிப் பார்த்திருக்க வேண்டும்.